பார்சிலோனாவில் படிக்க வருகிறீர்களா? கேட்டலோனியாவை இப்படிப் பழகிக்கொள்ளுங்கள்

ஸ்பெயினின் தன்னாட்சிப் பகுதியான கேட்டலோனியாவின் தலைநகர் பார்சிலோனாவில் படிக்க இடம் கிடைத்ததும் நான் ஸ்பானிஷ் மட்டும் கொஞ்சம் படித்துவிட்டுக் கிளம்பினேன். வந்து இறங்கினால் மெட்ரோ அறிவிப்பு அந்தப் பகுதியின் சொந்த மொழியான கேட்டலானில், பல்கலைக்கழக மின்னஞ்சல் கேட்டலானில், முதல் வகுப்பும் கேட்டலானில். அதனால் முதலில் இதைச் செய்யுங்கள்: பாடங்களைப் பதிவு செய்வதற்கு முன்பே எந்தப் பிரிவு எந்த மொழியில் நடக்கிறது என்று பாடத்திட்டத்தில் பார்த்துவிடுங்கள்.

கேட்டலான் ஸ்பானிஷின் வட்டார வழக்கு என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். பிரெஞ்சு, இத்தாலியன் போல லத்தீனிலிருந்து பிறந்த தனி மொழி அது. அந்தோரா நாட்டின் ஆட்சிமொழி, வலென்சியாவிலும் பலேயாரிக் தீவுகளிலும் பேசப்படுகிறது, பிரான்சின் தெற்கு ஓரத்திலும் சார்டினியாவில் அல்கேரோ என்ற ஊரிலும்கூட இருக்கிறது. சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சிக் காலத்தில் (1939 முதல் 1975 வரை) பள்ளியிலும் அலுவலகத்திலும் அதற்கு இடமே இல்லாமல் செய்தார்கள், அதை நேரில் அனுபவித்த தாத்தா பாட்டிகள் இன்னும் பல வீடுகளில் இருக்கிறார்கள், ஆகவே நீங்கள் தட்டுத் தடுமாறி "போன் தியா" (காலை வணக்கம்), "சிஸ்பிளாவ்" (தயவுசெய்து) என்று சொன்னாலே அவர்கள் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள்.

மொழி கற்பிக்க அரசுத் தரப்பில் ஒரு அமைப்பு இருக்கிறது, சுருக்கமாக 'கொன்சோர்சி' என்பார்கள். தொடக்க நிலை வகுப்புகள் இலவசம். அவர்களே நடத்தும் இன்னொரு திட்டத்தில் கேட்டலான் பேசும் ஒருவரோடு உங்களைச் சேர்த்து, பத்து மணி நேரம் வெறுமனே பேசிப் பழக வைக்கிறார்கள். வகுப்பைவிட இதுதான் எனக்கு உதவியது. ஒரு சிக்கல் உண்டு: வெளிநாட்டு முகத்தைப் பார்த்ததும் கடைக்காரர் மரியாதைக்காக ஸ்பானிஷுக்கு மாறிவிடுவார். "எம் பொட்ஸ் பர்லா என் கடலா", அதாவது என்னோடு கேட்டலானிலேயே பேசலாம் என்று சொல்லிவையுங்கள்.

சரி, அடுத்து பால்கனிகளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். மஞ்சளில் நான்கு சிவப்புப் பட்டைகள் இருந்தால் அது செனியேரா, கேட்டலோனியாவின் அதிகாரபூர்வக் கொடி. போரில் காயம்பட்ட ஒரு பிரபுவின் ரத்தத்தில் நான்கு விரல்களைத் தோய்த்து, தங்க நிறக் கேடயத்தில் இழுத்த கோடுகள் என்று கதை சொல்வார்கள். வரலாற்றாசிரியர்கள் அதை வெறும் கதையாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். அதே பட்டைகளோடு நீல முக்கோணமும் வெள்ளை நட்சத்திரமும் இருந்தால் அது எஸ்டலாடா, தனிநாடு வேண்டும் என்பவர்களின் கொடி, கியூபக் கொடியைப் பார்த்து உருவானது. நட்சத்திரம் சிவப்பாக இருந்தால் அந்த வீடு இடதுசாரிப் பக்கம். மஞ்சள் ரிப்பன் 2017 வாக்கெடுப்பை ஒட்டிச் சிறைப்பட்ட தனிநாட்டுத் தலைவர்களுக்காகக் கட்டியது. கார்களின் பின்னால் கழுதைப் பட ஸ்டிக்கர் கண்ணில் படும், ஸ்பெயினின் காளைச் சின்னத்துக்குப் பதிலாக உள்ளூர்க் கழுதை இனத்தை முன்னால் நிறுத்துகிறார்கள். இதெல்லாம் தெரியாமல் சந்தையில் அழகாக இருக்கிறதே என்று எஸ்டலாடாவை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நடக்காதீர்கள், நீங்கள் ஒரு அரசியல் கருத்தைச் சொல்லிக்கொண்டு போகிறீர்கள் என்றுதான் பார்ப்பவர் நினைப்பார்.

ஒரு மாலை நேரம் ஒதுக்கி போர்ன் பகுதிக்குப் போங்கள். சாந்தா மரியா தெல் மார் தேவாலயத்தின் பக்கவாட்டில் ஒரு சிறு சதுக்கம், அங்கே அணையாமல் ஒரு தீ எரிகிறது. 1714-ல் ஸ்பெயின் மன்னர் ஐந்தாம் பெலிப்பேயின் படை நகரை முற்றுகையிட்டபோது இறந்தவர்களைப் புதைத்த இடம். அந்த ஆண்டு செப்டம்பர் 11-ல் நகரம் வீழ்ந்தது, அடுத்து வந்த சட்டங்களில் கேட்டலோனியாவின் சொந்த ஆட்சி அமைப்புகள் போயின. தோற்ற நாளையே தேசிய நாளாக வைத்திருக்கிறார்கள், தியாதா என்று பெயர். பக்கத்திலேயே பழைய சந்தைக் கட்டடத்துக்குள் அந்தக் காலத்துத் தெருக்களும் வீட்டுச் சுவர்களும் தோண்டி எடுத்தபடி கிடக்கின்றன, இதைப் பார்த்த பிறகு செப்டம்பர் 11 ஊர்வலத்துக்குப் போனால் ஏன் இவ்வளவு பேர் வருகிறார்கள் என்று கேட்க வேண்டியிருக்காது.

இவை எல்லாவற்றையும்விட நான் சொல்ல விரும்புவது காஸ்டெல், மனிதக் கோபுரம். 2010-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. தயவுசெய்து வேடிக்கை பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். பல்கலைக்கழகங்களிலேயே மாணவர் குழுக்கள் இருக்கின்றன, பார்சிலோனா தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தின் கனாபியாஸ் குழுவும் பார்சிலோனாவின் அரெப்ளெகாட்ஸ் குழுவும் அப்படிப்பட்டவை. பயிற்சி நாளன்று போய் நின்றால் போதும், உயரம் பார்த்து எங்காவது சேர்த்துக்கொள்வார்கள். கோபுரத்தின் அடியில் நெருக்கி நிற்கும் கூட்டம் பீன்யா, அதில்தான் புதியவருக்கு இடம். கண்ணாடி, மோதிரம், கடிகாரம் கழற்றிவிடுங்கள். முன்னால் இருப்பவர் முதுகில் உங்கள் மார்பை ஒட்டி, கைகளை மேலே நீட்டி, தலையைக் குனிந்துகொள்ளுங்கள். ஆசையாக இருந்தாலும் மேலே பார்க்கக் கூடாது, ஆள் விழுந்தால் முகத்தில்தான் விழுவார். என்ன நடக்கிறது என்பதை கிராய்யா குழலின் இசை சொல்லும். உச்சிக்கு ஏறும் குழந்தை கையை உயர்த்தியதும் கூட்டம் ஆர்ப்பரிக்கும், ஆனால் உங்கள் வேலை அதோடு முடியாது, எல்லோரும் பத்திரமாக இறங்கும் வரை தாங்கிக்கொண்டே நிற்க வேண்டும். 'மூன்றில் எட்டு' என்று சொன்னால் அடுக்குக்கு மூன்று பேர், எட்டு அடுக்கு. முதல் தடவை நான் வெளியே வந்தபோது சட்டை முழுக்க மற்றவர்களின் வியர்வை, பக்கத்தில் நின்ற பெரியவர் பெயர்கூடக் கேட்காமல் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

சார்தானா நடனம் அமைதியானது. வார இறுதிகளில் பேராலயத்துக்கு முன் வட்டமாகக் கைகோத்து ஆடுவார்கள், நீங்களும் சேரலாம், ஒரு ஆணுக்கும் அவர் வலப்பக்கத்து ஜோடிக்கும் நடுவில் மட்டும் நுழையாதீர்கள்.

நாட்காட்டியில் குறித்துவையுங்கள்: ஏப்ரல் 23 சன் ஜோர்டி, தெருவெல்லாம் ரோஜாவும் புத்தகமும். விடுமுறை கிடையாது, ஆனாலும் ஊரே வெளியே இருக்கும். செப்டம்பர் கடைசியில் மெர்சே திருவிழா; தீப்பொறி தெறிக்கும் கொர்ரேஃபோக் ஊர்வலத்துக்குப் போனால் முழுக்கைப் பருத்திச் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொள்ளுங்கள். குளிர்காலக் கடைசியில் யாராவது கல்சோட் சாப்பிடக் கூப்பிட்டால் மறுக்காதீர்கள். தணலில் கருக்கிய நீள வெங்காயத்தின் மேல் தோலை உருவி, சாஸில் தோய்த்து, அண்ணாந்து வாயில் விட வேண்டும்.

நடப்புக்கு வருகிறேன். கேட்டலான் பொது ஒளிபரப்பான 3காட் தளத்தின் செய்திகளைப் பாருங்கள், 'ஆரா' நாளிதழைப் படியுங்கள், அதோடு 'லா வங்குவார்டியா'வையும் ஒரு மாட்ரிட் நாளிதழையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒரே செய்தி எப்படி மாறுகிறது என்று தெரியும். பின்னணி சுருக்கமாக: 2010-ல் ஸ்பெயினின் அரசியலமைப்பு நீதிமன்றம் கேட்டலோனியாவின் தன்னாட்சிச் சட்டத்தின் சில பகுதிகளை நீக்கியது, கோபம் வளர்ந்தது, 2017 அக்டோபர் 1-ல் தடையை மீறித் தனிநாட்டுக்கான வாக்கெடுப்பு நடந்து போலீஸ் தடியடியும் நடந்தது, 2019-ல் தலைவர்களுக்குச் சிறைத் தண்டனை, 2021-ல் மன்னிப்பு, 2024-ல் பொதுமன்னிப்புச் சட்டம். அதே ஆண்டுத் தேர்தலில் தனிநாட்டுக் கட்சிகள் பெரும்பான்மையை இழந்து, சோஷலிஸ்ட் கட்சியின் சல்வதோர் இய்யா முதல்வரானார். இப்போது அதிகம் காதில் விழுவது வாடகை, சுற்றுலா நெரிசல், தாமதமாகும் புறநகர் ரயில், அப்புறம் மொழி பற்றிய கவலை. கேட்டலானை வழக்கமான மொழியாகச் சொல்பவர்கள் 2003-ல் 46 சதவீதம், 2023-ல் 32.6 சதவீதம்.

கூட இருப்பவரிடம் எடுத்த எடுப்பில் "நீ தனிநாட்டுக்கு ஆதரவா?" என்று கேட்காதீர்கள். ஒரே குடும்பத்துக்குள் இதனால் பேச்சு நின்றிருக்கிறது. பாட்டி எந்த ஊர், வீட்டில் எந்த மொழி என்று கேளுங்கள். தெற்கு ஸ்பெயினின் ஆந்தலூசியாவிலிருந்து வேலை தேடி வந்த பாட்டியா, வீட்டில் ஸ்பானிஷும் பள்ளியில் கேட்டலானும் பேசி வளர்ந்தாரா என்று அவரே சொல்ல ஆரம்பிப்பார், அரசியலும் அதிலேயே வந்துவிடும்.