சட்டமன்ற உறுப்பினரின் பணி வரலாற்றைத் தொகுப்பது எப்படி? மதுரைத் தொகுதிகளை முன்வைத்து ஒரு வழிகாட்டி

விழா மலருக்காகவோ ஊர் வரலாற்றுக்காகவோ ஒரு சட்டமன்ற உறுப்பினரைப் பற்றி எழுத முற்படுபவர்கள், பெரும்பாலும் அவர் வகித்த கட்சிப் பொறுப்புகளையும் திறந்துவைத்த கட்டடங்களையும் அடுக்கிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அவையில் அவர் என்ன கேட்டார், எதற்காக வாதாடினார், எந்தக் குழுவில் உழைத்தார் என்பதே அவருடைய பணியின் உயிர்ப்பகுதி. அதை ஆவணங்களிலிருந்து எடுத்துத் தருவது அவருக்கும் அவரைத் தேர்ந்தெடுத்த மக்களுக்கும் நாம் செய்ய வேண்டிய நியாயம்.

முதலில் பதவிக்காலத்தை நாள் கணக்கில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். "மூன்று முறை உறுப்பினர்" என்றால் 15 ஆண்டுகள் என்று எழுதிவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. தோழர் என். சங்கரய்யா 1967இல் மதுரை மேற்கிலும், 1977, 1980 ஆகிய தேர்தல்களில் மதுரை கிழக்கிலும் வென்றவர். ஆனால் அந்த மூன்று பேரவைகளுமே ஐந்தாண்டு நிறைவதற்கு முன் கலைந்தவை என்பதால், அவர் அவையில் இருந்த காலம் ஏறத்தாழ 11 ஆண்டுகளே ஆகும். இடைத்தேர்தல்களையும் விட்டுவிடக் கூடாது. 2016இல் அமைந்த ஒரே பேரவைக் காலத்துக்குள் திருப்பரங்குன்றம் 2016 மே, 2016 நவம்பர், 2019 மே என மூன்று முறை வாக்குச்சாவடிக்குச் சென்றது. பொதுத்தேர்தல் முடிவை மட்டும் பார்த்து எழுதுபவர் இடையில் வந்த உறுப்பினர்களை அறியாமலேயே போய்விடுவார். தேர்தல் ஆணையம் 1952 முதல் ஒவ்வொரு பொதுத்தேர்தலுக்கும் வெளியிட்டுள்ள புள்ளிவிவர அறிக்கையில் தொகுதிவாரி வாக்குகள் கிடைக்கின்றன. இடைத்தேர்தல் முடிவுகளைத் தனியே தேடிச் சேர்க்க வேண்டும். தோல்விகளையும் மறைக்காமல் குறிப்பிடுங்கள். ஒருவர் எத்தனை முறை தோற்றபின் வென்றார் என்பது அவருடைய உறுதியைச் சொல்லும் செய்தி அல்லவா?

தொகுதியின் பெயர் ஒன்றாக இருப்பதால் நிலப்பரப்பும் ஒன்றே என்று கருத வேண்டாம். 2008ஆம் ஆண்டின் தொகுதி எல்லை மறுவரையறைக்குப் பிறகு சமயநல்லூரும் சேடபட்டியும் பட்டியலிலிருந்து நீங்கின. 2011 தேர்தலில் மதுரை வடக்கு, மதுரை தெற்கு என்னும் தொகுதிகள் வாக்களித்தன. பழைய பெயரைத் தக்கவைத்துக்கொண்ட தொகுதிகளின் எல்லைகளும் மாறின. ஆகவே 1977இன் மதுரை கிழக்கு வாக்குகளை இன்றைய மதுரை கிழக்கு வாக்குகளோடு ஒப்பிட்டு "செல்வாக்கு வளர்ந்தது", "சரிந்தது" என்று எழுதுவதில் பொருளில்லை. பழைய செய்தித்தாள்களில் வரும் "மதுரை மாவட்ட எம்.எல்.ஏ." என்ற தொடரையும் கவனமாகப் படிக்க வேண்டும், திண்டுக்கல்லும் தேனியும் தனி மாவட்டங்களாகப் பிரிவதற்கு முன் அந்தப் பகுதி உறுப்பினர்களும் அவ்வாறே குறிக்கப்பட்டார்கள்.

இனி, உழைப்பு மிகுதியாகத் தேவைப்படும் பகுதிக்கு வருவோம். பேரவை நடவடிக்கைக் குறிப்புகள் அச்சிட்ட நூல்களாக உள்ளன. அவற்றில் ஒரு பகுதி பேரவையின் இணையதளத்திலும் படிக்கக் கிடைக்கிறது. அவற்றில் உறுப்பினரின் கன்னிப்பேச்சு (அவையில் அவர் பேசிய முதல் உரை), வினா நேரத்தில் அவர் எழுப்பிய வினாக்களும் துணைக்கேள்விகளும், துறைகளுக்கான நிதி ஒதுக்கீட்டைக் கோரும் மானியக் கோரிக்கை விவாதத்தில் அவர் கொடுத்த வெட்டுத் தீர்மானங்கள் (ஒதுக்கீட்டைக் குறைக்கக் கோருபவை), அவசரப் பொதுப் பிரச்சினையில் அமைச்சரின் கவனத்தை ஈர்க்கும் கவன ஈர்ப்புத் தீர்மானங்கள் ஆகியவற்றை நாள்வாரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கையைவிடத் தொடர்ச்சியே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. ஒரே கண்மாயின் மடையைப் பற்றி ஆண்டுதோறும் விடாமல் கேட்டவர், நூறு துறைகளைத் தொட்டுச் சென்றவரைவிடத் தம் தொகுதியை அறிந்தவராக இருக்கக்கூடும். கேள்வியைப் பார்த்ததோடு நில்லாமல், அமைச்சர் அளித்த விடையையும் எடுத்தெழுத வேண்டும். அவையில் தரப்பட்ட வாக்குறுதி பின்னர், அமைச்சர்களின் வாக்குறுதிகள் நிறைவேறினவா என்று பார்க்கும் அரசு உறுதிமொழிக் குழுவின் அறிக்கையில் இடம்பெற்றிருந்தால், அந்தக் கேள்வியின் பயன் எதுவரை சென்றது என்று தெரிந்துவிடும்.

இங்கே மதுரைக்காரர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 1991 முதல் 2006 வரை பேரவைத் தலைவர் இருக்கையில் அடுத்தடுத்து அமர்ந்த சேடபட்டி முத்தையா, பி.டி.ஆர். பழனிவேல்ராஜன், கா. காளிமுத்து ஆகிய மூவரும் அப்போது மதுரை மாவட்டத் தொகுதிகளின் உறுப்பினர்கள். பேரவைத் தலைவர் வினா எழுப்புவதில்லை, விவாதத்தில் கட்சிக்காக வாதிடுவதுமில்லை. குறிப்புகளில் அவருடைய பேச்சு "மாண்புமிகு பேரவைத் தலைவர்" என்ற தலைப்பிலேயே வருவதால், பெயரைக் கொண்டு தேடுபவருக்கு அவர் ஐந்தாண்டும் வாய் திறக்காதவரைப் போலத் தோன்றும். அவர்களுடைய பணியை அறிய அவையில் அவர்கள் அளித்த தீர்ப்புகளையும், எதிர்க்கட்சியினருக்குப் பேச நேரம் ஒதுக்கிய முறையையும் படிக்க வேண்டும். அமைச்சர்களுக்கும் இதே நிலைதான். அவர்கள் கேட்பவர்கள் அல்லர், விடையளிப்பவர்கள்.

அரசின் செலவுக் கணக்குகளை ஆராயும் பொதுக் கணக்குக் குழு, செலவு மதிப்பீடுகளை ஆராயும் மதிப்பீட்டுக் குழு போன்ற பேரவைக் குழுக்களில் உறுப்பினர் பங்கேற்ற ஆண்டுகளைக் குழு அறிக்கைகளின் முதற்பக்கங்களில் உள்ள உறுப்பினர் பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

தொகுதி மேம்பாட்டு நிதியில் நடந்த வேலைகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெறலாம். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையின் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பித்தால், சட்டப்படி 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். நிதியாண்டு, வேலையின் பெயர், மதிப்பீடு, ஒப்புதல் நாள் என்று தனித்தனியாகக் கேளுங்கள். "எல்லா விவரமும் தருக" என்று பொதுவாகக் கேட்டால் பதிலும் பொதுவாகவே வரும். பட்டியல் கைக்கு வந்ததும் ஊர் ஊராகச் சென்று நிழற்குடையின் நெற்றியிலும் நாடக மேடையின் சுவரிலும் எழுதியிருப்பதோடு ஒத்துப் பாருங்கள். அங்கே பெயர் இருப்பது பெரும்பாலும் திறந்துவைத்தவருக்கு; நிதி ஒதுக்கியவர் அதற்கு முந்தைய உறுப்பினராக இருந்திருக்கலாம். தேர்தலை ஒட்டிய ஆண்டுகளில் கட்டப்பட்டவற்றில் ஒப்புதல் நாளைப் பார்த்த பிறகே யார் கணக்கில் எழுதுவது என்று முடிவுசெய்ய வேண்டும்.