வீசிங் வேலையால் வருகிறதா? ஒரு நோட்டுப் போட்டுப் பாருங்கள்

அம்பத்தூரில் கார்களுக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கும் என் மச்சான் இரண்டு வருடமாக ‘சளிதான்’ என்று மாத்திரை போட்டுக்கொண்டிருந்தான். எக்ஸ்ரே எடுத்தார்கள், சுத்தமாக இருந்தது (ஆஸ்துமா எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது). அப்புறம் ஸ்பைரோமெட்ரி, அதாவது குழாயில் ஊதி நுரையீரல் திறனைப் பார்க்கும் டெஸ்ட். பொங்கல் லீவு முடிந்து ஊரிலிருந்து வந்த கையோடு போய் ஊதினான், அதுவும் நார்மல். நாலைந்து நாள் பெயின்ட் வாடையே இல்லாமல் இருந்தால் மூச்சுக்குழாய் கொஞ்சம் ஆறிப்போயிருக்காதா?

அதனால் டாக்டர் கேட்காவிட்டாலும் என்ன வேலை என்று நீங்களே சொல்லுங்கள். ‘கம்பெனியில் வேலை’ என்று மொட்டையாகச் சொன்னால் போதாது, டப்பா லேபிளை போனில் படமெடுத்துக் காட்டுங்கள். பெயின்டில் கலக்கும் ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் என்ற ரசாயனம், பேக்கரி மாவுத்தூசி, மரத்தூள், சால்டரிங் புகை எல்லாமே ஆஸ்துமாவைக் கிளப்பும். ‘பத்து வருஷமா இதே வேலைதானே, இப்ப மட்டும் ஏன்?’ என்று ஒதுக்காதீர்கள், அலர்ஜி உருவாகவே மாதங்களோ வருடங்களோ ஆகலாம். பகலில் வேலை செய்துவிட்டு ராத்திரி வீட்டில்தான் இருமல் வருகிறது என்றாலும் காரணம் வேலையாக இருக்கலாம்.

சரி, நோட்டு. மெடிக்கலில் பீக் ஃப்ளோ மீட்டர் (எவ்வளவு வேகமாக மூச்சை ஊத முடிகிறது என்று எண்ணில் காட்டும் சின்னக் கருவி) வாங்குங்கள். எழுந்ததும், வேலை நடுவில், வேலை முடிந்ததும், படுக்கும் முன் என்று தினமும் நான்கு தடவை. ஒவ்வொரு தடவையும் மூன்று முறை ஊதி, அதிகமாக வந்த எண்ணை மட்டும் எழுதுங்கள். பக்கத்திலேயே ஷிஃப்ட், என்ன வேலை, இன்ஹேலர் எத்தனை முறை என்பதும் வேண்டும். நான்கு வாரம் எழுதினால் நல்லது, அதில் தொடர்ச்சியாகச் சில நாள் லீவும் வரட்டும், அப்போதுதான் வேலை நாள் எண்ணையும் லீவு நாள் எண்ணையும் ஒப்பிட முடியும். போகிப் புகை, மழைக்கால ஈரம் என்று சென்னையில் குழப்ப நிறைய இருப்பதால் அதையும் குறித்துவிடுங்கள். எண் குறைகிறதே என்று இன்ஹேலரை நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாத அளவுக்குத் திணறினால் நோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு எமர்ஜென்சிக்கு ஓடுங்கள்.

கம்பெனி ஹெல்த் செக்கப்பை நான் பெரிதாக நம்புவதில்லை. சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்கும்போது ‘மூச்சுத் திணறல் உண்டா?’ என்ற கேள்விக்கு யார் ‘ஆமாம்’ போடுவார்கள்?

நோட்டோடு நெஞ்சக நோய் டாக்டரிடம் போங்கள், தாம்பரம் சானடோரியத்தில் அரசு மருத்துவமனையே இருக்கிறது. ஈஎஸ்ஐ இருந்தால் அங்கேயும் காட்டுங்கள். ஈஎஸ்ஐக்கான தொழில்நோய்ப் பட்டியலிலேயே தொழில்சார் ஆஸ்துமா வந்துவிட்டது. முடிந்தால் வேலையை விடுவதற்கு முன்பே போங்கள், விட்டபிறகு மூச்சு சரியாகிவிட்டால் நிரூபிப்பது கஷ்டம்.