ஒன்ராறியோவில் கட்டடக்கலைஞர் உரிமம்: பட்டத்தின் அங்கீகாரமே முதற்படி

சென்னையிலோ மொறட்டுவையிலோ கட்டடக்கலை படித்துவிட்டு ரொறன்ரோவுக்கு வருபவர்கள் முதலில் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு: ஒன்ராறியோக் கட்டடக்கலைஞர் சங்கத்தின் உரிமம் இல்லாதவர் தம்மை இங்கே 'ஆர்க்கிடெக்ட்' என்று சொல்லிக்கொள்ளச் சட்டம் இடங்கொடுப்பதில்லை. ஊரில் நீண்டகாலம் பணியாற்றியவருக்கும் இதில் விலக்கு இல்லை. விசிட்டிங் கார்டில் அந்தச் சொல்லை அச்சிடுவதைத் தவிர்க்கவும்.

உரிமத்துக்குப் படிப்பு, அனுபவம், தேர்வு மூன்றும் வேண்டும். படிப்பைச் சரிபார்ப்பது சி.ஏ.சி.பி. எனப்படும் கனடியக் கட்டடக்கலைச் சான்றளிப்பு வாரியம். வாட்டர்லூ, கார்ல்டன் போன்ற பல்கலைக்கழகங்களின் எம்.ஆர்க். படிப்புக்கு அங்கீகாரம் வழங்குவதும் அதே வாரியம் என்பதால், அங்கே படித்தவரின் பாடங்களை மறுபடி அலச வேண்டியதில்லை. நமது ஐந்தாண்டு பி.ஆர்க். பட்டத்தையோ அது பாடம் பாடமாகப் பிரித்து, வடிவமைப்பு, கட்டுமானத் தொழில்நுட்பம், தொழில் நடைமுறை என ஒவ்வொரு பிரிவிலும் போதிய அளவு படித்திருக்கிறோமா என்று பார்க்கும். குறை இருந்தால், அந்தப் பாடங்களைப் படித்து நிரப்பிய பின்னரே சான்றிதழ் கிடைக்கும்.

பலர் தடுமாறுவது, இதற்காகக் காட்ட வேண்டிய பாடத்திட்டத்தில்தான். பல்கலைக்கழக இணையதளத்தில் இருப்பது இப்போதைய பாடத்திட்டம். நீங்கள் எந்த ரெகுலேஷனில், அதாவது எந்த ஆண்டுப் பாடத்திட்ட விதிகளின்கீழ், படித்தீர்களோ அதன் பாட விவரமே தேவை. பழைய பிரதியைத் தேடி எடுத்து, முத்திரையிட்டுத் தரும்படி கல்லூரி அலுவலகத்தைக் கேட்க, ஊரில் இருக்கும்போதே நேரில் போய்வருவது நல்லது. கடல் கடந்த பின் மின்னஞ்சலில் கேட்டுப் பெறுவது எளிதன்று.

இன்னொரு குழப்பமும் உண்டு. எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற கனடியக் குடிவரவு முறையில் ஆர்க்கிடெக்ட் என்ற தொழிலைக் காட்டியவர்கள் இதே வாரியத்திடம் கல்வி மதிப்பீடு பெற்றிருப்பார்கள். அது குடிவரவுக்கு மட்டுமே செல்லும். உரிமத்துக்கான சான்றிதழுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

சான்றிதழ் கிடைத்ததும் சங்கத்தில் இன்டர்ன், அதாவது பயிற்சிக் கட்டடக்கலைஞர், ஆகப் பதிந்து, 3,720 மணிநேர அனுபவத்தைப் பதிவேட்டில் காட்டவேண்டும்; எக்ஸாக் எனப்படும் கனடியக் கட்டடக்கலைஞர் தேர்வையும் எழுதவேண்டும். வெளிநாட்டில் உரிமம் பெற்றுப் பல ஆண்டு தொழில் செய்தவர்களுக்கு, அனுபவத்தை மையமாக வைத்து மதிப்பிடும் பெஃபா என்ற தனி வழியும் இருக்கிறது. அதையும் இதே வாரியம்தான் நடத்துகிறது.

அதுவரை வருமானம்? மூன்று மாடிக்கும் 600 சதுர மீட்டருக்கும் மேற்படாத வீடுகளுக்கான வரைபடங்களை, மாகாணத் தேர்வெழுதி பி.சி.ஐ.என். எனப்படும் கட்டட விதி அடையாள எண் பெற்ற வடிவமைப்பாளர்களும் சமர்ப்பிக்கலாம். ஸ்கார்பரோவில் நிலவறைக் குடியிருப்பு வேலைகளுக்குக் குறைவில்லை. ஆனால் உரிமமே இலக்கு என்றால், சம்பளம் சற்றுக் குறைந்தாலும், உரிமம் பெற்ற கட்டடக்கலைஞரின் அலுவலகத்தில் சேர்ந்து அவருடைய நேரடி மேற்பார்வையில் வேலை செய்வதையே நான் பரிந்துரைப்பேன்.