விளையாட்டு வழியே சூழல் பாடம்: எங்கே சறுக்குகிறோம்?

கல்லூரி மாணவர்களுக்குச் சுற்றுச்சூழலையும் தன்னார்வப் பணியையும் சொல்லிக்கொடுக்க விளையாட்டு நல்ல வழி. ஒரு மணி நேர உரை என்றால் பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதே கூட்டத்தை நாலு நாலு பேராகப் பிரித்து ஒரு போட்டி வைத்தால் அரங்கமே எழுந்து நிற்கும். சிக்கல் அதற்கு அப்புறம்தான். உற்சாகமாக இருந்தார்கள், அதனால் கற்றுக்கொண்டிருப்பார்கள் என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். பேனரில் என்ன எழுதியிருக்கிறது என்பதை மாணவர்கள் பார்ப்பதில்லை. எதற்கு மார்க் என்று பார்க்கிறார்கள், அதைத்தான் கற்றுக்கொள்கிறார்கள். நடக்கிற தவறுகளில் முக்கால்வாசி இங்கேதான் தொடங்குகின்றன.

எதற்கு மார்க்?

குப்பை சேகரிக்கும் போட்டியை எடுத்துக்கொள்வோம். அதிக எடை கொண்டுவரும் அணிக்குப் பரிசு என்று அறிவிக்கிறோம். அரை மணி நேரத்தில் மூட்டைக்குள் ஈரத் துணியும் உடைந்த செங்கல்லும் சேறு ஒட்டிய சாக்கும் வந்து சேரும். சிகரெட் துண்டு, பாட்டில் மூடி, கிழிந்த பாக்கெட்டின் மூலை எல்லாம் தரையிலேயே கிடக்கும், ஏனென்றால் அவற்றுக்கு எடை இல்லை. ஆனால் மண்ணுக்கும் நீருக்கும் தொல்லை தருவது இவைதான். சிகரெட்டின் வடிகட்டி பஞ்சு மாதிரித் தெரிந்தாலும் அது செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக். சரி, எடை வேண்டாம், எண்ணிக்கை வைப்போம் என்றால் ஒரு தெர்மோகோல் தட்டு பன்னிரண்டு துண்டாகி வரும். மாணவர்களைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. விதியை ஒழுங்காகப் படித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஜப்பானில் 2008-ல் தொடங்கிய ஸ்போகோமி என்ற குப்பை சேகரிப்புப் போட்டியில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். எடைக்கு மார்க் உண்டு. ஆனால் எல்லாக் குப்பைக்கும் ஒரே மார்க் இல்லை. சிகரெட் துண்டு மாதிரி எடையில்லாத, பொறுக்கச் சலிப்பான பொருளுக்குப் பல மடங்கு அதிகம். அணிக்கு மூன்று பேர், ஓடக் கூடாது, சேகரித்ததைத் தரம் பிரிப்பதற்கும் தனியாக நேரம் உண்டு. 2023-ல் டோக்கியோவில் இதற்கு உலகக் கோப்பையே நடந்து, பிரிட்டன் அணி வென்றது. நகல் எடுக்க வேண்டியது கோப்பையை அல்ல, அந்த மார்க் பட்டியலை. உங்கள் இடத்தில் எது அதிகம் தொல்லை தருகிறதோ அதற்கு மார்க்கை ஏற்றுங்கள்.

இன்னொன்றும் சேர்க்கலாம். 1986-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் கடற்கரையில் தொடங்கிப் பிறகு உலகம் முழுக்கப் பரவிய கடலோரத் தூய்மைப் பணியில், தன்னார்வலர்கள் பொறுக்குவதோடு நிறுத்தவில்லை. எந்தப் பொருள் எத்தனை என்று அட்டையில் குறித்தார்கள். போட்டியில் கால் பங்கு மார்க்கை அந்தக் குறிப்புக்கு வைத்துப் பாருங்கள், பேச்சு மாறும். ‘நாங்கள் எத்தனை கிலோ’ என்பது போய், ‘ஒரே மாதிரி மூடி நூறு கிடக்கிறதே, எங்கிருந்து வருகிறது’ என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும்.

மரக்கன்று நடும் போட்டியும் இதே குழியில்தான் விழுகிறது. அதிகக் கன்று நட்ட அணிக்குப் பரிசு என்றால், ஆழமில்லாத குழி, நெருக்கி நட்ட கன்று, தண்ணீருக்கு ஆள் இல்லை. இயற்கையான புல்வெளியைப் பார்த்து ‘காலி இடம்’ என்று நினைத்து அங்கே மரம் நடுவது இன்னும் மோசம். அந்தப் புல்லை நம்பி வாழும் உயிர்களின் வீட்டை நாமே மூடுகிறோம். நடுவதற்கு மார்க்கே வேண்டாம். ஓராண்டு கழித்து உயிரோடு நிற்கும் கன்றுக்கு மட்டும் மார்க் என்று வைத்தால் போட்டியின் குணமே மாறிவிடும். அப்போது எந்த அணியும் நூறு கன்று கேட்காது, பார்த்துக்கொள்ள முடிகிற அளவுக்குத்தான் கேட்கும்.

உயிரினங்களைப் படம் எடுத்து ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலியில் பதிவு செய்யும் போட்டிகளிலும் படத்தின் எண்ணிக்கைக்கு மார்க் கொடுக்காதீர்கள். ஒரே வேப்பமரம் நாற்பது கோணத்தில் வரும். எத்தனை வகை என்று எண்ணுங்கள். தொட்டியில் வளர்த்த செடியும் கூண்டுப் பறவையும் கணக்கில் வராது என்று முன்பே சொல்லிவிடுங்கள். அந்தச் செயலியும் அவற்றைத் தனியாகத்தான் ஒதுக்குகிறது.

சான்றிதழ்

இதைச் சொன்னால் ஒருங்கிணைப்பாளர்கள் பலருக்குப் பிடிக்காது. தன்னார்வப் பணிக்கு ஆள் சேர்க்க நம்மிடம் இருக்கும் ஒரே தூண்டில் சான்றிதழ்தான் என்று நம்புகிறோம். ஆள் சேரும், உண்மைதான். ஆனால் என்ன விலைக்கு?

1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையாக இருந்த மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு குழுவிடம், வரைந்தால் நாடா கட்டிய அழகான சான்றிதழ் கிடைக்கும் என்று முன்பே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு ஒன்றும் சொல்லாமல், வரைந்து முடித்த பின் அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. சில நாள் கழித்து, பரிசு பற்றிய பேச்சே இல்லாமல் பேனாக்களை வைத்துவிட்டுப் பார்த்தால், முன்பே ஆசை காட்டப்பட்ட குழந்தைகள்தான் மற்றவர்களைவிடக் குறைவாக வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு வாங்கியவர்களின் ஆசை குறையவில்லை.

சின்னக் குழந்தைகளிடம் கண்டதை அப்படியே இருபது வயதுக்காரர்கள் மேல் ஏற்ற முடியாது. படிப்பு முடித்து வேலை தேடப் போகிறவருக்குச் சான்றிதழ் தேவையும்கூட. ஆனாலும் ஒரு வித்தியாசத்தை இங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். அழைப்பிதழின் தலைப்பிலேயே ‘பங்கேற்பவர்கள் அனைவருக்கும் சான்றிதழ்’ என்று போடுவது வேறு. வேலையைச் செய்து முடித்த பிறகு, இன்னார் இன்ன வேலையை இத்தனை மணி நேரம் செய்தார் என்று எழுதித் தருவது வேறு. முதல் வகையில் வந்தவர் கையெழுத்துப் போட்டதும் நழுவப் பார்ப்பார். அவரிடம் கோபப்பட்டுப் பயனில்லை, நாம் அழைத்ததே அதற்குத்தான்.

பாத்திரமும் பொத்தான்களும்

பொதுவளம் எப்படித் தீர்ந்துபோகிறது என்று காட்டுவதற்கு ஒரு எளிய விளையாட்டு இருக்கிறது. நான்கு பேர், நடுவில் ஒரு பாத்திரம், அதில் 20 பொத்தான்கள். அவற்றை ஏரியில் இருக்கும் மீன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒருவர் மூன்று வரை எடுக்கலாம். எல்லோரும் எடுத்த பிறகு மிச்சம் இருப்பது இரட்டிக்கும், ஆனால் 20-க்கு மேல் போகாது. யாரும் பேசக் கூடாது.

ஆளுக்கு மூன்று எடுத்தால் 12 போகும், 8 மிஞ்சும், அது 16 ஆகும். மறுபடி 12 போனால் 4 மிஞ்சி 8 ஆகும். மூன்றாவது சுற்றில் ஏரி காலி. ஆளுக்குச் சராசரியாக எட்டு மீன். அதே நால்வரும் இரண்டு இரண்டாக எடுத்திருந்தால் 12 மிஞ்சி, மறுபடி 20 நிரம்பி, பத்துச் சுற்றில் ஆளுக்கு இருபது கிடைத்திருக்கும். மூன்றை விட இரண்டு அதிகம் என்பதை விரிவுரையில் சொன்னால் சிரிப்பார்கள். பாத்திரம் காலியான பிறகு சொல்லவே வேண்டாம்.

இவ்வளவு நல்ல விளையாட்டையும் கெடுக்க நாலைந்து வழி இருக்கிறது. முதலாவது, ‘பேராசைப்படாமல் விளையாடுங்கள்’ என்று தொடக்கத்திலேயே புத்தி சொல்வது. உடனே எல்லோரும் ஆசிரியருக்குப் பிடித்தமாதிரி ஒன்று ஒன்றாக எடுப்பார்கள், யாருக்கும் ஒன்றும் தெரியவராது. ஏரியைக் காலியாக விடுங்கள். எத்தனை சுற்று என்பதையும் சொல்லாதீர்கள். தெரிந்துவிட்டால் கடைசிச் சுற்றில் எல்லோரும் மூன்று எடுப்பார்கள், கணக்குப்படி அது சரியும்கூட. முதலில் மூன்று எடுத்தவரை எழுப்பி நிறுத்தி ‘இதோ பாருங்கள்’ என்பது மிகக் கெட்ட பழக்கம். அன்றைக்கு அவர் கற்றுக்கொள்வது, அடுத்த நிகழ்ச்சிக்கு வரக் கூடாது என்பதை மட்டும்தான்.

எல்லாவற்றையும்விட, ஒரு ஆட்டத்தோடு நிறுத்திவிடுவதைத்தான் நான் பெரிய தவறு என்பேன். ஏரி காலியானதும் ‘மனிதனின் பேராசை’ என்று பேசி முடித்துவிட்டால், மனிதர்கள் திருந்தமாட்டார்கள் என்ற பாடம்தான் மிஞ்சும். சூழலியலாளர் கேரட் ஹார்டின் பொதுவளத்தின் அழிவைப் பற்றி 1968-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை அந்தப் பக்கம்தான் சாய்ந்தது. அரசியல் அறிவியலாளர் எலினார் ஆஸ்ட்ரோம் அதற்கு மறுபக்கத்தைக் காட்டினார். மேய்ச்சல் நிலம், பாசனம், மீன்பிடி என்று பல இடங்களில் மக்கள் தாங்களே விதி வகுத்துக்கொண்டு பொதுவளத்தைக் காத்து வந்திருப்பதை ஆராய்ந்தார். 2009-ல் அவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது. அவரும் சகாக்களும் நடத்திய சோதனைகளில், பங்கேற்றவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள விட்டாலே ஒத்துழைப்பு நன்றாகக் கூடியது. அதனால் இரண்டாவது ஆட்டம் வேண்டும், அதில் பேச அனுமதி வேண்டும். யாரோ ஒருவர் ‘ரெண்டு ரெண்டா எடுப்போம்’ என்பார். இன்னொருவர் ‘மீறினால் என்ன செய்வது’ என்று கேட்பார். தன்னார்வப் பணிக்கான விதை அந்த உரையாடலில் இருக்கிறது. நேரம் போதவில்லை என்றால் வினாடி வினாவை வெட்டுங்கள், இதை வெட்டாதீர்கள்.

வயதை மறப்பது

காகிதத்தில் வெட்டிய மீன், எந்தக் குப்பை எந்தத் தொட்டிக்கு என்ற கேள்வி, கைதட்டல் பாட்டு எல்லாம் பத்து வயதுக்குச் சரி. இருபது வயதில் வாக்குரிமை இருக்கிறது, சட்டம் தெரியும், எதிர்த்துக் கேள்வி கேட்கத் தெரியும். அவர்களுக்குக் குழாயை மூடு, விளக்கை அணை என்பதோடு நிறுத்தினால் பிரச்சினை முழுதும் தனிமனிதத் தப்பு என்று ஆகிவிடும். ஒரு சதுப்புநிலத்தின் மேல் சாலை போடலாமா என்று நகர்மன்றம் விவாதிக்கும் நடிப்பு விளையாட்டு இன்னும் பொருத்தமானது. அதிலும் ஒரு பொறி இருக்கிறது. சாலை கேட்பவரை வில்லனாக எழுதிவிடாதீர்கள். ஆம்புலன்ஸ் சுற்றிப் போகிறது என்ற நியாயமான காரணம் அவர் அட்டையில் இருக்கட்டும். எதிர்ப்பவர் தோற்கவும் வாய்ப்பு இருந்தால்தான் வாதம் சூடு பிடிக்கும்.

நிகழ்ச்சியே குப்பை ஆவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பலூன், ஃபிளெக்ஸ், ஒரு நாள் போடும் டி-ஷர்ட், ஆளுக்கு ஒரு சின்னத் தண்ணீர் பாட்டில், பிளாஸ்டிக் பதக்கம். மாணவர்கள் கண்ணில் இதுதான் முதலில் படும், படத்தான் வேண்டும். முடிந்த பிறகு அவர்களையே நிகழ்ச்சியின் குப்பையை எடை போடச் சொன்னால் அதுவும் ஒரு ஆட்டமாகிவிடும்.

களத்துக்குப் போகும்போது

போட்டி வேகத்தில் கை முந்திவிடும். கண்ணாடிச் சில்லு, ஊசி, மருத்துவக் கழிவு எதையும் தொடக் கூடாது, கண்டால் குறியிட்டுப் பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும் என்ற விதிக்கும் மார்க் வையுங்கள். தடித்த கையுறை, மூடிய செருப்பு இல்லாதவர் ஆட்டத்தில் இல்லை. ஓடுவதற்குத் தடை. நீர்நிலையின் ஓரத்தில் நேரப் போட்டியே வேண்டாம்.

இன்னொரு தவறு கண்ணுக்குத் தெரிவதில்லை. நாம் ஒரு காலை நேரம் விளையாடிவிட்டுப் போகிற அந்தத் தெருவில் தினமும் குப்பை அள்ளுகிற தொழிலாளர்கள் இருக்கிறார்கள், அங்கே குடியிருக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பின்னணியில் நிறுத்தி செல்ஃபி எடுத்தால் மார்க் என்று ‘புதையல் வேட்டை’ வைப்பது அசிங்கம். அவர்களில் ஒருவரிடம், அவருக்குச் சம்மதம் இருந்தால், எந்தக் குப்பை எப்போது எங்கே சேருகிறது என்று கேட்டு வருவதை ஒரு சுற்றாக வைக்கலாம். நமக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும்.

ஆட்டம் முடிந்ததும் கலைந்துபோவது

விளையாட்டு தானே பேசிவிடும் என்று நம்புகிறவர்கள் சொத்து வாங்கி வாடகை வசூலிக்கும் மோனோபொலி விளையாட்டின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு மூலமான பலகை விளையாட்டுக்கு லிசி மேகி என்ற அமெரிக்கப் பெண் 1904-ல் காப்புரிமை பெற்றார். நிலத்தைக் கைக்குள் வைத்திருப்பவர்கள் வாடகையால் மற்றவர்களை எப்படி உறிஞ்சுகிறார்கள் என்று காட்டுவதுதான் அவர் நோக்கம். செல்வத்தைப் பகிரும் விதிகளையும் அவர் வகுத்திருந்தார். கைமாறிக் கைமாறி வந்ததில் அடுத்தவரைத் திவாலாக்கும் ஆட்டம் மட்டும் நிலைத்தது. இன்றைக்கு அதை விளையாடுகிற எத்தனை பேர் அந்த உறிஞ்சலைப் பற்றி யோசிக்கிறார்கள்?

அதனால் ஆட்டம் முப்பது நிமிடம் என்றால் பேச்சுக்கும் முப்பது நிமிடம் ஒதுக்குங்கள். ‘என்ன கற்றுக்கொண்டீர்கள்’ என்று கேட்காதீர்கள், நமக்குப் பிடித்த பதில்தான் வரும். என்ன நடந்தது, எந்த இடத்தில் கோபம் வந்தது, எந்த விதியை மாற்றியிருப்பீர்கள், வெளியே இதே மாதிரி எங்கே பார்த்திருக்கிறீர்கள் என்று இந்த வரிசையில் கேளுங்கள். தோற்ற அணியை முதலில் பேச விடுங்கள். வென்றவர்களுக்கு விதிகள் எப்போதும் நியாயமாகவே தெரியும்.

அப்புறம், கையில் அடுத்த வேலை இருக்க வேண்டும். உற்சாகம் ஒரு வாரம்கூடத் தாங்காது. அருகில் இயங்கும் ஒரு அமைப்பிடம் நிகழ்ச்சிக்கு முன்பே பேசி, அவர்களுக்கு உண்மையில் என்ன தேவை என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது படம் எடுக்கத் தோதான வேலையாக இருக்காது. மாதம் இருமுறை நீர் மாதிரி எடுப்பது, பதிவேட்டைக் கணினியில் ஏற்றுவது, கன்றுகளுக்குத் தண்ணீர் விடுவது என்று இருக்கும். இரண்டு மணி நேரம், இந்தத் தேதி, இத்தனை பேர் வேண்டும் என்று எழுதிய தாளை, மாணவர்கள் இன்னும் வட்டமாக உட்கார்ந்திருக்கும்போதே சுற்றுக்கு விடுங்கள். அறுபது பேரில் ஆறு பேர் பெயர் எழுதினால் போதும். மறுநாளே அந்த ஆறு பேருக்கும் போன் செய்துவிடுங்கள்.