பந்தயக் குதிரைக்கு வேடிக்கையான பெயர் வைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேடிக்கையான பெயர் என்பது ஒரு நாள் சிரிப்புக்கு வைக்கப்படுவது என்று எண்ணுவதே முதல் தவறு. பந்தயக் குதிரை ஓடுகிற காலம் பெரும்பாலும் சில ஆண்டுகள்தான். அதன் பெயரோ குட்டிகளின் பெயர்களுக்கு மேலே, பேரக் குட்டிகளின் பெயர்களுக்கு மேலே, பரம்பரைப் பதிவேட்டில் நூற்றாண்டுகளுக்கு நின்றுவிடும். இங்கிலாந்தில் 1773இல் பிறந்த ஒரு குட்டிக்கு ஆபிங்டன் பிரபு 'பொட்டேட்டோஸ்', அதாவது உருளைக்கிழங்கு, என்று பெயரிட எண்ணினார். அதைத் தீவனப் பெட்டியில் எழுதச் சொன்னபோது, லாயத்துப் பையன் தன் காதில் விழுந்தபடி 'பொட்' என்று எழுதி, அதன் பின்னால் ஆங்கில 'ஓ' எழுத்தை எட்டு முறை எழுதினான் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. 'பொட்', 'எய்ட்' (எட்டு), 'ஓஸ்' (ஓக்கள்) என்று சேர்த்துப் படித்தால் உருளைக்கிழங்கு வந்துவிடும். பிரபு அந்த எழுத்தையே ஏற்றுக்கொண்டார். அந்தக் குதிரையின் மகன் வாக்ஸி 1793இல் டெர்பி பந்தயத்தை வென்றது. இன்றைய தரோபிரெட் எனப்படும் பந்தய இனக் குதிரைகளில் பெரும்பாலானவற்றின் தந்தைவழி அந்த எட்டு 'ஓ'க்களின் வழியாகத்தான் வருகிறது.

அமெரிக்காவில் பெயர்களைப் பதிவு செய்யும் ஜாக்கி கிளப், இடைவெளியையும் நிறுத்தக்குறியையும் சேர்த்து 18 எழுத்துகளுக்கு மேல் அனுமதிப்பதில்லை. முழு வாக்கியம் ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு, பிறகு அதை இந்த அளவுக்குள் திணிக்க முயல்வது பலர் செய்கிற தவறு. 'நைல் நதியின் முன்னோடி' என்று பொருள்படும் 'பயனியர் ஆஃப் த நைல்' ஆங்கிலத்தில் 19 எழுத்துகளாகிவிடும். ஆகவே முதல் இரண்டு சொற்களுக்கு இடையிலான இடைவெளியை எடுத்துவிட்டு, அவை ஒட்டிக்கொண்ட நிலையிலேயே அந்தக் குதிரை பதிவு செய்யப்பட்டது. அதனோடு இணைசேர்ந்த பெண்குதிரை 'லிட்டில்பிரின்சஸ்எம்மா'. உரிமையாளர் தம் மகளை நினைத்து வைத்த இந்தப் பெயரிலும் இடைவெளியே கிடையாது. எண்ணிப் பார்த்தால் சரியாக 18 எழுத்துகள்.

இந்த இரண்டுக்கும் பிறந்ததுதான் 2015இல் மூன்று பெரும் பந்தயங்களையும் வென்று, 37 ஆண்டுகளுக்குப் பிறகு அமெரிக்காவுக்கு ஒரு 'டிரிபிள் கிரவுன்' வெற்றியாளரைத் தந்த 'அமெரிக்கன் ஃபாரோ'. எகிப்திய மன்னர்களைக் குறிக்கும் அந்தச் சொல்லின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் 'ஏ'யும் 'ஓ'வும் இடம் மாறிவிட்டன. அனுப்பியபடியே பதிவாகி, அப்படியே வரலாற்றிலும் ஏறிவிட்டது. படிவத்தை அனுப்புவதற்கு முன் அகராதியைப் புரட்டுகிற ஒரு நிமிட வேலையை யாரும் தவிர்க்கக் கூடாது. 1967இல் இங்கிலாந்தின் கிராண்ட் நேஷனல் என்ற தடை தாண்டும் பந்தயத்தை 100க்கு 1 என்ற பணய விகிதத்தில் வென்ற ஃபாய்னவன் என்ற குதிரையும் இப்படித்தான்: அது ஸ்காட்லாந்து மலை ஒன்றின் பெயர், ஆனால் ஓர் உயிரெழுத்து மாறியிருக்கிறது. இன்று அந்தப் பந்தயத் தடத்தின் ஒரு தடுப்பே குதிரையின் எழுத்துக்கூட்டலில்தான் அழைக்கப்படுகிறது.

கண்ணுக்கு மட்டும் பெயர் வைப்பது இன்னொரு பெரிய தவறு. பந்தயப் பெயர் வாழ்வது வர்ணனையாளரின் வாயில். 2010இல் நியூஜெர்சியின் மான்மத் பார்க்கில் 'என் மனைவிக்கு எல்லாம் தெரியும்' என்று பொருள்படும் குதிரையும், 'மனைவிக்குத் தெரியாது' என்று பொருள்படும் குதிரையும் ஒரே பந்தயத்தில் ஓடின. முதல் பெயரைத் தாளில் பார்த்தால், 18 எழுத்துகளுக்குள் அடங்குவதற்காக எழுத்துகள் உதிர்ந்துபோன வெறும் கூட்டமாகத்தான் தெரியும். ஆனால் கடைசி நேர்ப்பாதையில் இரண்டும் முன்னுக்கு வந்து போட்டியிட, வர்ணனையாளர் லாரி கால்மஸ் அவற்றை மாறி மாறிக் கூவியபோது அது ஒரு குடும்ப வழக்காகவே மாறிவிட்டது. எல்லாம் தெரிந்த மனைவிதான் வென்றார். 'ஃப்ளாட் ஃப்ளீட் ஃபீட்' போன்ற பெயர்களும், ஜப்பானில் ஓடிய 'சுமோமோமோமோமோமோமோமோ'வும் நாவுக்கு வைக்கப்பட்ட சோதனைகள். ஜப்பானிய விதி ஒன்பது எழுத்துகள் வரை அனுமதிக்கிறது; அந்தப் பெயரில் ஒரு 'சு'வும் எட்டு 'மோ'க்களும் இருக்கின்றன. இத்தகைய பெயர் வேண்டும் என்பவர்கள், வேகமாக ஓடும் வர்ணனையின் நடுவே அதைப் பலமுறை உரக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

ஆபாசத்தை ஒலிக்குள் மறைத்து அனுப்புகிறவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பதிவாளர்கள் உரக்கப் படித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள். தப்பிவிட்டாலும் அது இரண்டாம் முறை சிரிக்க வைப்பதில்லை.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது பெற்றோரை மறந்த பெயர்கள். நல்ல வேடிக்கை பெரும்பாலும் பரம்பரைக்குள்ளேயே காத்திருக்கிறது. 'மேன் ஓ வார்' என்பது பழைய போர்க்கப்பல். அதன் மகனுக்கு 'ஹார்ட் டேக்', அதாவது கப்பல் மாலுமிகள் தின்ற கடினமான ரொட்டி, என்று பெயர். அந்த மகனுக்குப் பிறந்ததுதான் 'கடல் பிஸ்கட்' என்று பொருள்படும் சீபிஸ்கட். மூன்று தலைமுறைகள் சேர்ந்து சொன்ன நகைச்சுவை அது. பாலினேசியன் என்ற தந்தைக்கும் கெய்ஷா என்ற தாய்க்கும் பிறந்த குட்டியை 'நேட்டிவ் டான்சர்', அதாவது பூர்வகுடி நடனக் கலைஞர், என்று அழைத்ததில் சிரிப்பைவிட அழகே மிகுதி. அதற்காகப் பெற்றோர் பெயர்களின் துண்டுகளை வெறுமனே ஒட்டிவிடுவதும் போதாது. மாரெட், குவோரம் ஆகிய பெயர்களின் கடைசி எழுத்துகளைச் சேர்த்து வந்த 'ரெட் ரம்' காதுக்கு இனிமையாக அமைந்தது அபூர்வம். திருப்பிப் படித்தால் 'கொலை' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் வருகிறது. கிராண்ட் நேஷனலை 1973, 1974, 1977 ஆகிய ஆண்டுகளில் வென்ற குதிரை என்பதால் அந்தப் பெயர் யாருக்கும் உறுத்தவில்லை. எந்தப் பெயரையும் தலைகீழாகவும் ஒரு முறை படித்துப் பார்ப்பது நல்லது.

சொந்த வட்டத்துக்கு மட்டுமே புரியும் பெயரும் தவறாக முடியலாம், ஆனால் அதற்கு வழி உண்டு. மெல்போர்ன் கோப்பையை 2003 முதல் 2005 வரை தொடர்ந்து மூன்று முறை வென்ற 'மக்கைபி திவா', உரிமையாளரின் ஐந்து பெண் ஊழியர்களுடைய பெயர்களின் முதல் இரண்டிரண்டு எழுத்துகளால் ஆனது. இதை அறியாதவர்களுக்கும் அது ஒரு மகாராணியின் பெயர் போலவே ஒலிக்கிறது.

கடைசியாக, ஒரே பெயரைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. புகழ்பெற்ற குதிரைகளின் பெயர்கள் காக்கப்பட்டவை. உயிரோடிருப்பவரின் பெயருக்கு அவருடைய எழுத்துப்பூர்வமான ஒப்புதல் வேண்டும். 1970இல் பிறந்த ஒரு சிவப்புக் குட்டிக்கு அனுப்பிய பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிராகரிக்கப்பட்ட பிறகுதான், லாயத்தின் செயலாளரான எலிசபெத் ஹாம் முன்மொழிந்த 'செக்ரடேரியட்' ஏற்கப்பட்டது. அமெரிக்காவில் குட்டிக்கு இரண்டு வயதாகும் ஆண்டின் பிப்ரவரி 1க்குள் பெயரை அனுப்பிவிட்டால் தாமதக் கட்டணம் இல்லை. பிடிக்காத பெயரைக் கட்டணம் செலுத்தி மாற்றவும் வழியுண்டு. ஆனால் குதிரை முதல் பந்தயத்தில் ஓடிவிட்டாலோ இனப்பெருக்கத்துக்குப் பயன்பட்டுவிட்டாலோ அந்த வழி அடைபட்டுவிடும்.