உயிரியல் தேர்வுக்கு முன்: புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்லிப் பாருங்கள்

டெல்லியில் குளிர் கொஞ்சம் விடும்போதே பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் பேச்சு குறைந்துவிடும். பிப்ரவரி நடுவில் சிபிஎஸ்இ பொதுத்தேர்வு தொடங்குகிறது. மயூர் விஹாரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பல வருடங்களாக உயிரியல் சொல்லிக்கொடுத்து வருகிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் தமிழ் வீட்டுப் பிள்ளைகள். பள்ளியில் ஆங்கிலம், தெருவில் ஹிந்தி, வீட்டில் தமிழ் என்று வளர்கிறவர்கள். சோம்பேறிகள் இல்லை. பாடத்தை நான்கைந்து முறை வாசித்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஆனாலும் மதிப்பெண் போகிறது. எந்த இடங்களில் போகிறது என்பது விடைத்தாள்களைத் திருத்தித் திருத்தி எனக்குப் பழகிவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் தவறு, திரும்பத் திரும்ப வாசிப்பதையே திருப்புதல் என்று நம்புவது. மூன்றாம் முறை வாசிக்கும்போது எல்லா வரியும் தெரிந்த வரியாகத் தோன்றும். மஞ்சள் மார்க்கர் போட்ட இடமெல்லாம் கண்ணுக்குப் பழகியிருக்கும். தேர்வில் அந்த வரியைக் கண்டுபிடிக்கச் சொல்ல மாட்டார்கள். வெள்ளைத்தாளில் நீங்களே எழுத வேண்டும். கண்ணுக்குப் பழகியது கைக்கு வருவதில்லை.

ஒருமுறை ஒரு பெண் லாக் ஓபரான் (பாக்டீரியாவில் பால் சர்க்கரையைச் சிதைக்க உதவும் ஜீன்களின் தொகுப்பு) முழுவதும் தெரியும் என்றாள். “சரி, புத்தகத்தை மூடிட்டு உங்க பாட்டிகிட்ட தமிழ்ல சொல்லிட்டு வா” என்று அனுப்பினேன். மறுநாள் முகம் வாடி வந்தாள். “பாட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க ஆன்ட்டி. பால் சர்க்கரை இல்லாத நேரத்துல அந்த ஜீனை யார் பிடிச்சு வெச்சிருக்காங்கன்னு. எனக்குச் சொல்லத் தெரியல.” பாட்டி கேட்டதுதான் அந்தப் பாடத்தின் உயிர்நாடி. பால் சர்க்கரையான லாக்டோஸ் இல்லாதபோது ரெப்ரஸர் என்கிற புரதம் ஆபரேட்டர் என்ற டிஎன்ஏ பகுதியில் உட்கார்ந்துகொண்டு, ஜீனைப் படியெடுக்கும் ஆர்என்ஏ பாலிமரேஸை முன்னேற விடாது. லாக்டோஸ் வந்தால் அது ரெப்ரஸரோடு போய்ச் சேர்ந்து அதன் வடிவத்தை மாற்றிவிடும். அப்புறம் ரெப்ரஸரால் ஆபரேட்டரைப் பிடிக்க முடியாது, ஜீன்கள் வேலை செய்யத் தொடங்கும். ஒவ்வொரு வருடமும் பல தாள்களில் ‘லாக்டோஸ் ஆபரேட்டரில் இணைகிறது’ என்று பார்க்கிறேன். ஒரு சொல்தான் மாறியிருக்கும், ஆனால் விடை முழுவதும் சாய்ந்துவிடும்.

அதனால் நான் சொல்லும் வழி இதுதான். ஒரு பகுதியைப் படித்ததும் மூடிவிட்டு, வீட்டில் யாரிடமாவது தமிழில் சொல்லுங்கள். கலைச்சொற்கள் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும், காரணங்களைத் தமிழில் சொல்லுங்கள். மனப்பாடம் செய்த ஆங்கில வாக்கியம் நாக்கில் தானாக ஓடும். அதைத் தமிழில் சொல்லப் போனால் யோசித்தே ஆக வேண்டும். எங்கே வாய் திக்குகிறதோ அங்கேதான் உங்களுக்குப் புரியவில்லை. அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள். மறுநாள் படிக்க வேண்டியது அந்தக் கோடு போட்ட இடங்கள் மட்டும்தான்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பேச்சுத் தமிழில் சுவாசம் என்றால் மூச்சு விடுவது. உயிரியலில் அது செல்லுக்குள் குளுக்கோஸைச் சிதைத்து ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைத் தயாரிப்பது. இரண்டும் கலந்துவிட்டதால்தான் செடி பகலில் ஒளிச்சேர்க்கை செய்யும், இரவில் சுவாசிக்கும் என்று எழுதுகிறார்கள். செடி இருபத்து நான்கு மணி நேரமும் சுவாசிக்கிறது. வெளிச்சம் இருக்கும்போது ஒளிச்சேர்க்கையும் கூடவே நடக்கிறது, அவ்வளவுதான்.

பதினொன்றாம் வகுப்பை மறந்துவிடுவது

“அது போன வருஷப் பாடம் ஆன்ட்டி” என்பார்கள். ஆனால் பன்னிரண்டாம் வகுப்பின் 70 மதிப்பெண் தாளில் மரபியலும் பரிணாமமும் 20, இனப்பெருக்கம் 16. இந்த 36 மதிப்பெண்ணில் பெரும்பகுதி, போன வருடம் படித்த செல் பகுப்பின் மேல்தான் நிற்கிறது. குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் பகுப்பான மியாசிஸ் தெளிவாக இல்லாதவருக்கு மெண்டலும் புரியாது, கருமுட்டை உருவாவதும் புரியாது.

இங்கே நடக்கும் குழப்பம் எண்ணிக்கையில். டிஎன்ஏ இரட்டிப்பானதும் குரோமோசோமும் இரட்டிப்பாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். டெல்லி வீடுகளில் கம்பளி நூலுக்குப் பஞ்சமில்லை, நான் அதை வைத்தே காட்டுவேன். நான்கு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். நீளத்தில் ஒரு சிவப்பு, ஒரு நீலம். குட்டையில் ஒரு சிவப்பு, ஒரு நீலம். சிவப்பு அம்மாவிடமிருந்து வந்தது, நீலம் அப்பாவிடமிருந்து. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு பொத்தான் கட்டுங்கள். அந்தப் பொத்தான்தான் சென்ட்ரோமியர். குரோமோசோம் எத்தனை என்று யாராவது கேட்டால் பொத்தானை மட்டும் எண்ண வேண்டும். இப்போது நான்கு.

செல் பிரிவதற்கு முன் டிஎன்ஏ இரட்டிப்பாகும் எஸ் கட்டத்தில் ஒவ்வொரு நூலுக்கும் ஒரு நகல் உருவாகிறது. அதே நிறத்தில் இன்னொரு நூலை அதே பொத்தானில் கட்டுங்கள். இப்போது நூல் எட்டு, பொத்தான் நான்கேதான். டிஎன்ஏ இரட்டிப்பாகிவிட்டது, குரோமோசோம் எண்ணிக்கை மாறவில்லை. மியாசிஸ் ஒன்றில் நீளச் சிவப்பும் நீள நீலமும் ஜோடி சேர்ந்து, பிறகு எதிரெதிர்ப் பக்கம் போகின்றன. குட்டை ஜோடியும் அப்படியே. பொத்தான் பிரிவதில்லை. ஒவ்வொரு செல்லுக்கும் இரண்டு பொத்தான், நான்கு நூல். எண்ணிக்கை பாதியாவது இங்கேதான். மியாசிஸ் இரண்டில்தான் பொத்தான் பிரிந்து சகோதர குரோமாட்டிடுகள், அதாவது ஒரே பொத்தானில் கட்டிய இரண்டு நூல்கள், விலகுகின்றன. முடிவில் நான்கு செல்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு பொத்தான், இரண்டு நூல். மேசையில் ஒருமுறை கையால் செய்து பார்த்த பிள்ளை இதைத் தப்பாக எழுதி நான் பார்த்ததில்லை.

நூலை எடுத்து வைப்பதற்குள் ஒன்றைக் கவனியுங்கள். நீளச் சிவப்பு எந்தப் பக்கம் போனாலும் குட்டைச் சிவப்பு அதே பக்கம் போகவேண்டும் என்று கட்டாயமில்லை. மெண்டலின் சார்பின்றி ஒதுங்கும் விதி இதுதான். அவர் 1866-இல் தன் பட்டாணிக் கட்டுரையை வெளியிட்டபோது குரோமோசோமைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. 1902 வாக்கில் சட்டன், பொவேரி என்ற இரண்டு விஞ்ஞானிகள்தான் மெண்டலின் விதியையும் குரோமோசோமையும் பொருத்திப் பார்த்தார்கள். இந்த நூலை வைத்துக்கொண்டே பெண்ணின் கருமுட்டைக்கும் போகலாம். அண்டவிடுப்பின்போது வெளியே வருவது மியாசிஸ் முடித்த முட்டை இல்லை. இரண்டாம் நிலை முட்டைச் செல் மியாசிஸ் இரண்டின் நடுவில், மெட்டாஃபேஸில் நின்றபடி வருகிறது. விந்து நுழைந்தால்தான் மீதி முடியும். ‘முட்டை முதிர்ந்து வெளிவருகிறது’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் அரை மதிப்பெண்ணாவது போகும்.

ஓங்கு என்றால் வலிமை என்று எடுத்துக்கொள்வது

தமிழில் ஓங்கு பண்பு என்ற சொல்லைக் கேட்டதும் அதுதான் பலமானது, அதுதான் நிறைய பேருக்கு இருக்கும் என்று தோன்றிவிடுகிறது. ஓ ரத்த வகையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கான அல்லீல் (ஒரு ஜீனின் மாற்று வடிவம்) ஒடுங்கு அல்லீல், ஆனாலும் நம் வீடுகளில் ஓ வகைக்காரர்கள் நிறைய. ஹண்டிங்டன் நோய் ஓங்கு பண்பு, ஆனால் அபூர்வமானது. இரண்டு வேறு அல்லீல்கள் இணைந்திருக்கும்போது எது வெளியே தெரிகிறது என்பது மட்டும்தான் ஓங்கு, ஒடுங்கு. மக்களிடையே எத்தனை பேருக்கு இருக்கிறது என்பது வேறு கணக்கு.

அதேபோல மெண்டலின் 3:1 விகிதம் என்றால் நான்கு குழந்தைகளில் மூன்று பேர் இப்படி, ஒருவர் அப்படி என்று பொருளில்லை. அப்பா, அம்மா இருவரும் தலசீமியா என்ற ரத்த நோயின் ஜீனைச் சுமப்பவர்கள் என்றால் ஒவ்வொரு கருவுக்கும் நோய் வர 25 சதவீத வாய்ப்பு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றும் தப்பித்துவிடும் என்று சொல்லவே முடியாது. இதை மதிப்பெண்ணுக்காக மட்டும் சொல்லவில்லை. நாளைக்கு நீங்களும் கல்யாணம் செய்துகொள்வீர்கள், குழந்தை பெறுவீர்கள். அப்போது மருத்துவர் சொல்லும் ஒரு வாக்கியம் சரியாகப் புரிய வேண்டும்.

ஹீமோஃபீலியா, ரத்தம் எளிதில் உறையாத நோய். அதன் ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அதன் வம்சவரைபடத்தில் ஒரே ஒரு சோதனை செய்துகொள்ளுங்கள். அப்பா மகனுக்குக் கொடுப்பது ஒய் குரோமோசோம். எக்ஸ் அம்மாவிடமிருந்துதான் வரும். மகனுக்கு நோய் அப்பாவிடமிருந்து வந்தது என்று உங்கள் விடை சொன்னால் எங்கோ பிசகியிருக்கிறது.

டிஎன்ஏ இழைக் கேள்வியிலும் இதே மாதிரி ஒரு பிசகு. கேள்வியில் கொடுத்திருப்பது கோடிங் இழையா, எம்ஆர்என்ஏ படியெடுக்க அச்சாக இருக்கும் டெம்ப்ளேட் இழையா என்று பார்க்காமலே எதிர்ச்சோடி எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். கோடிங் இழை 5 பிரைம் முனையிலிருந்து ஏ-டி-ஜி-சி-சி-டி என்றால் எம்ஆர்என்ஏ அதே வரிசையில் ஏ-யு-ஜி-சி-சி-யு. டி இருந்த இடத்தில் யு வரும், வேறு எதுவும் மாறாது. எதிர்ச்சோடி எழுத வேண்டியது டெம்ப்ளேட் கொடுத்தால் மட்டும். முனைகளில் 5, 3 என்று குறிக்க மறக்காதீர்கள்.

சமையலறையில் இருப்பதைப் பார்க்காமல் இருப்பது

பூக்கும் தாவரங்களின் இரட்டைக் கருவுறுதலை மனப்பாடமாகவே படிக்கிறார்கள். சூலுக்குள் இருக்கும் எம்ப்ரியோ சாக்கில் ஏழு செல், எட்டு உட்கரு என்று சொல்வார்கள். கருவுக்கு உணவாகும் எண்டோஸ்பெர்முக்கு ஏன் மூன்று தொகுதி குரோமோசோம் என்று கேட்டால் அமைதி. நடுச்செல்லில் இரண்டு துருவ உட்கருக்கள் இருக்கின்றன, ஒரு ஆண் கேமீட் (இனப்பெருக்கச் செல்) வந்து சேர்கிறது, ஆக மூன்று. நெல்லின் இலைச் செல்லில் குரோமோசோம் 24. முட்டையில் 12, கருவில் 24, எண்டோஸ்பெர்மில் 36. நாம் தட்டில் போட்டுக்கொள்ளும் வெள்ளைச் சோறு பெரும்பாலும் அந்த எண்டோஸ்பெர்ம்தான். பூஜைக்குத் தேங்காய் உடைக்கும்போது இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். உள்ளே இருக்கும் தண்ணீர், செல் சுவர் இல்லாமல் உட்கருக்கள் மிதக்கும் எண்டோஸ்பெர்ம். வெள்ளைப் பருப்பு, செல்களாகப் பிரிந்த எண்டோஸ்பெர்ம். சூல் விதையாகும், சூலகம் கனியாகும் என்பதையும் அங்கேயே சொல்லிப் பாருங்கள். இரண்டு சொல்லும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் அவசரத்தில் மாறிவிடுகின்றன.

நோய்கள் பகுதியில் கொசுவையே நோய்க்கிருமி என்று எழுதுவது வழக்கமான பிழை. மழைக்குப் பிறகு டெல்லியில் டெங்கு வராத வருடமில்லை. ஏடிஸ் கொசு வெறும் கடத்தி, நோயைத் தருவது வைரஸ். மலேரியாவில் பெண் அனாஃபிலிஸ் கடத்தி, நோய் தருவது பிளாஸ்மோடியம் என்ற ஒட்டுண்ணி. அதன் கேமீட்டுகள் ஒன்றுசேர்வது கொசுவின் குடலில், நம் உடம்பில் இல்லை.

உயிரித் தொழில்நுட்பத்தில் ஒன்று மட்டும் சொல்கிறேன். டிஎன்ஏ எதிர்மின்னூட்டம் கொண்டது, துண்டுகளைப் பிரிக்கும் ஜெல்லில் அது ஆனோடை (நேர்மின் முனையை) நோக்கி ஓடும், சின்னத் துண்டுதான் தூரம் போகும். படத்தில் அம்புக்குறியைத் தலைகீழாகப் போட்டுவிடாதீர்கள்.

பரிணாமம் எழுதும்போது ‘அதற்காக’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ‘மருந்திலிருந்து தப்பிப்பதற்காக பாக்டீரியா தன்னை மாற்றிக்கொண்டது’ என்ற வாக்கியம் இயல்பாகக் கையில் வரும், ஆனால் அது தவறு. எதிர்ப்புத்திறன் உள்ள சில முன்பே அங்கே இருந்தன. மருந்து மற்றவற்றைக் கொன்றது, மிஞ்சியவை பெருகின. மாறியது கூட்டம், தனி உயிரி இல்லை.

சூழலியலுக்கு நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. டெல்லி ரிட்ஜ் காட்டில் மண்டிக் கிடக்கும் விலாயதி கீக்கர் வேறு எதுவும் இல்லை, ராமநாதபுரத்தில் நம் தாத்தாக்கள் திட்டிக்கொண்டே வெட்டிய சீமைக்கருவேலமேதான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம். அந்நிய இனங்கள் ஊடுருவி உள்ளூர் இனங்களை ஒடுக்குவதற்கு இதை எழுதுங்கள், திருத்துகிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

தாளைப் படிக்காமல் எழுதத் தொடங்குவது

மூன்று மணி நேரத்தில் 70 மதிப்பெண், 33 கேள்விகள். ஒரு மதிப்பெண்ணுக்கு சுமார் இரண்டரை நிமிடம். முதல் பதினைந்து நிமிடம் வாசிப்பதற்கென்றே கொடுக்கிறார்கள். அந்த நேரத்தில் எந்த விருப்பக் கேள்வியை எடுப்பது என்று முடிவு செய்துவிடுங்கள். நடுவில் மனம் மாறி அடித்துவிட்டு எழுதினால் பத்து நிமிடம் போய்விடும்.

கூற்று–காரணம் கேள்விகளில் இரண்டு வாக்கியமும் உண்மையாக இருந்தாலே சரியான விளக்கம் என்று குறித்துவிடுகிறார்கள். நடுவில் ‘ஏனென்றால்’ போட்டு வாசித்துப் பாருங்கள். ‘எண்டோஸ்பெர்மில் மூன்று தொகுதி குரோமோசோம் இருக்கிறது, ஏனென்றால் அது கருவுக்கு உணவளிக்கிறது.’ இரண்டும் உண்மை, ஆனால் காதுக்கே ஒட்டவில்லை. ‘ஆற்றல் பிரமிடு எப்போதும் நிமிர்ந்தே இருக்கும், ஏனென்றால் ஒவ்வொரு நிலையிலும் ஆற்றல் வெப்பமாக வெளியேறுகிறது.’ இது பொருந்துகிறது.

முந்தைய நாள் புதிதாக எதையும் திறக்காதீர்கள். எம்ப்ரியோ சாக், விந்துக்குழலின் குறுக்குவெட்டு, லாக் ஓபரான், பிளாஸ்மிட், மலேரியாச் சுழற்சி என்று ஐந்து படங்களை மட்டும் புத்தகம் பார்க்காமல் பென்சிலில் போடுங்கள். பிறகு புத்தகத்தோடு ஒப்பிட்டு, விட்டுப்போன பெயர்களை மட்டும் உள்ளங்கை அளவு தாளில் சிவப்பில் எழுதிக்கொள்ளுங்கள். காலையில் மெட்ரோவில் அந்தத் தாள் போதும்.