பெர்மியன் படுகையில் கனிம உரிமை: விலை பேசும் முன் செய்யும் தவறுகள்

மேற்கு டெக்சாஸில் சாண்டா ரீட்டா என்ற கிணற்றில் 1923-இல் எண்ணெய் பீறிட்டது. நூறு ஆண்டுகள் கடந்தும் பெர்மியன் படுகைதான் அமெரிக்காவில் மிக அதிகமாக எண்ணெய் தரும் பகுதி. அங்கே மண்ணுக்கு அடியில் இருப்பதற்குத் தனியாரே உரிமையாளராக இருக்கலாம். நம் காவிரிப் படுகையில் ஓ.என்.ஜி.சி. கிணறு தோண்டினால் நிலத்துக்காரருக்குக் கிடைப்பது நிலத்தைப் பயன்படுத்தியதற்கான தொகைதான், எண்ணெயில் பங்கு இல்லை. டெக்சாஸில் அந்தப் பங்கை வாங்கலாம், விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். மேல்நிலத்தை விற்றுவிட்டுக் கனிமத்தை மட்டும் கையில் வைத்துக்கொள்வதும் சர்வசாதாரணம்.

குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. பண்ணை தன் பெயரில் இருப்பதால் எண்ணெயும் தன்னுடையது என்று நம்பிவிடுவார்கள். உரிமை எவ்வளவு என்று தெரியாமலே ஏக்கர் என்ன விலை போகும் என்று விசாரிப்பார்கள். பழைய எண்ணெய்ப் பூமியில் தாய்ப்பத்திரம் தொடங்கி ஒவ்வொரு பாகப்பிரிவினையையும், ஒவ்வொரு உயிலையும் பார்த்தாக வேண்டும். 1924-இல் எழுதப்பட்ட ஒரு பத்திரத்தில் விற்றவர்கள் கனிமத்தில் 'எட்டில் ஒன்றின் பாதி'யைத் தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள். கணக்குப்படி அது பதினாறில் ஒன்று. 2023-இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் அதைப் பாதி என்றே தீர்ப்பளித்தது. கனிமத்தை எண்ணெய்க் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டால் உரிமையாளருக்கு உற்பத்தியில் கிடைக்கும் பங்குதான் ராயல்டி; அந்தக் காலத்தில் அது வழக்கமாக எட்டில் ஒரு பங்கு. அதனால் 'எட்டில் ஒன்று' என்று எழுதினாலே முழுக் கனிம உரிமையையும் குறிக்கும் பழக்கம் இருந்தது. பிற்காலத்தில் எல்லோரும் அதைப் பாதியாகவே நடத்தி வந்ததையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. ஆகவே பழைய பின்னங்களைக் கால்குலேட்டரில் தட்டிப் பார்த்து விற்றுவிடாதீர்கள். இந்த ஒரு இடத்தில் வக்கீல் செலவை மிச்சம் பிடிப்பது எனக்குப் புத்திசாலித்தனமாகத் தெரியவில்லை.

பத்திரங்கள் இருப்பது கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) கிளார்க் அலுவலகத்தில். எண்ணெய், எரிவாயுத் துறையைக் கண்காணிக்கும் டெக்சாஸ் ரயில்ரோடு கமிஷனிடம் கிணற்று அனுமதிகளும் உற்பத்திக் கணக்கும் கிடைக்கும், உரிமையாளர் யார் என்பதை அது தீர்மானிக்காது. (பெயரில்தான் ரயில் ஓடுகிறது. ரயில் பொறுப்பு 2005-லேயே வேறு துறைக்குப் போய்விட்டது.)

சரி, பங்கு எவ்வளவு என்று தெரிந்துவிட்டது. அடுத்த தவறு, பக்கத்து நிலத்தின் விலையைத் தன் நிலத்துக்கும் போடுவது. படுகையின் கிழக்கே மிட்லண்ட் பக்கம் ஸ்ப்ராபெர்ரி, மேற்கே டெலவேர் பக்கம் போன் ஸ்பிரிங், இரண்டு பக்கமும் அவற்றுக்குக் கீழே வுல்ஃப்கேம்ப் என்று பாறை அடுக்குகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. இந்த இரண்டு பக்கமும் கிடைமட்டக் கிணறுகளுக்கு (ஆழத்தில் பக்கவாட்டாக நீளும் கிணறுகள்) பேர்போனவை, நடுவில் இருக்கும் மேட்டுப்பகுதியின் கதை வேறு. எந்த அடுக்கில் ஏற்கெனவே தோண்டியாயிற்று, எதில் இன்னும் இடம் இருக்கிறது என்பதை வைத்தே விலை.

பழைய குத்தகையை மறப்பது இதைவிடப் பெரிய தவறு. தாத்தா காலத்தில் எட்டில் ஒரு பங்கு ராயல்டிக்குக் கையெழுத்துப் போட்ட குத்தகை, ஒரு கிழட்டுக் கிணறு நாளுக்கு இரண்டு பீப்பாய் கொடுத்துக்கொண்டிருந்தாலும் உயிரோடு இருக்கலாம். தோண்டாத நிலத்தையும் ஆழத்தையும் விடுவிக்கும் நிபந்தனை அதில் இல்லையென்றால், இன்று கீழ் அடுக்கில் போடும் புதுக் கிணறும் அதே குத்தகைக்குள் அடங்கிவிடும். பக்கத்து வீட்டுக்காரர் புதிதாக எழுதி நான்கில் ஒரு பங்கு வாங்குவார், உங்களுக்கு எட்டில் ஒன்றுதான்.

கணக்கைப் பாருங்கள். 1,280 ஏக்கர் தொகுதியில் உங்களுக்கு 10 ஏக்கர் கனிமம், ராயல்டி நான்கில் ஒன்று. 10-ஐ 1,280-ஆல் வகுத்து 0.25-ஆல் பெருக்கினால் 0.001953. கிணறு மாதம் 20,000 பீப்பாய் தந்து, பீப்பாய் 70 டாலர் என்றால், வரிக்கும் பிடித்தங்களுக்கும் முன் உங்கள் பங்கு சுமார் 2,734 டாலர். எட்டில் ஒன்று என்றால் அதில் பாதி. வாங்குபவர் சொல்லும் ஏக்கர் எந்த ஏக்கர் என்பதையும் கேளுங்கள். எட்டில் ஒரு பங்கை அடிப்படையாக வைத்து எண்ணும் 'ராயல்டி ஏக்கர்' என்று ஒன்று உண்டு. நான்கில் ஒரு பங்கு உள்ள ஒரு கனிம ஏக்கர் அந்தக் கணக்கில் இரண்டாகிவிடும்.

முதல் செக்கை வைத்து மதிப்புப் போடுவது இன்னொரு பழக்கம். முதல் செக் வர சில மாதங்கள் ஆகும், அதனால் பல மாதப் பணம் அதில் சேர்ந்து வரும். ஷேல் என்ற இறுகிய பாறையில் போடும் கிணறு முதல் வருடத்திலேயே பாதிக்கு மேல் வற்றிப்போவது சகஜம். அந்தத் தொகையை மாதங்களால் பெருக்கினால் வருவது வெறும் கனவு. மறுபக்கம், தோண்டாத இடங்களை மறந்துவிட்டு இன்றைய வருமானத்தை மட்டும் பார்த்தால் அடிமாட்டு விலைக்குக் கொடுக்க நேரும். டெக்சாஸ் உற்பத்தி வரி எண்ணெய்க்கு 4.6 சதவீதம், எரிவாயுவுக்கு 7.5. கவுண்டியின் சொத்து வரி தனி. எரிவாயுவைப் பெரிதாக நம்பவும் வேண்டாம். குழாய் வசதி போதாமல் அங்குள்ள வாஹா சந்தையில் விலை பூஜ்யத்துக்குக் கீழே போன நாட்கள் உண்டு.

வாங்க விரும்புபவர்களிடமிருந்து தபாலில் வரும் கடிதத்தை முழுக்கப் படியுங்கள். குத்தகை என்று நினைத்துக் கையெழுத்துப் போட்ட தாள், நிரந்தரமாக விற்கும் பத்திரமாக இருக்கலாம். பரம்பரையாக வந்த உரிமை என்றால், முன்னவர் இறந்த தேதியில் இருந்த மதிப்பை ஒரு மதிப்பீட்டாளரிடம் எழுதி வாங்கி வையுங்கள். விற்கும்போது லாப வரி பொதுவாக அந்த மதிப்பிலிருந்துதான் கணக்கிடப்படும்.

அப்புறம், ஒரே மாதத்தில் மூன்று நான்கு பேர் விலை கேட்டு எழுதினால், யார் அதிகம் தருகிறார் என்று ஒப்பிடுவதற்கு முன் கமிஷனின் இணைய வரைபடத்தைத் திறந்து பாருங்கள். உங்கள் நிலத்தின் குறுக்கே புதுக் கிணற்றுக்கு அனுமதி கேட்டிருக்கக்கூடும். வாங்குபவர்கள் அதைத் தினமும் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள்.